சீன அரசவையில் கன்பூசிய அறிஞருக்கு உண்மையில் என்ன வேலை? (நாடகத்துக்காகக் கேட்கிறேன்)

உப்பளத்தான் (புதுச்சேரி):

வணக்கம். எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து ஆண்டு விழாவுக்கு முக்கால் மணி நேர நாடகம் ஒன்று போடுகிறோம். வருஷா வருஷம் சோழன், பாண்டியன் என்று போட்டு எல்லோருக்கும் அலுத்துவிட்டது, இந்தத் தடவை பழைய சீனாவுக்குப் போகலாம் என்று முடிவாகி எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. காலம் ஹான் வம்சம், அதுவரை தீர்மானம். முக்கியப் பாத்திரம் அரசவையில் வேலை பார்க்கும் ஒரு கன்பூசிய அறிஞர். இப்போதைக்கு அவர் வெள்ளைத் தாடியும் கையில் காகிதச் சுருளுமாகப் பேரரசர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீதி சொல்கிறார், பேரரசர் தலையாட்டுகிறார். படித்துப் பார்த்த நண்பன், "இது நம்ம ராஜகுருதான்டா, வேட்டியை உருவிட்டு அங்கி மாட்டிவிட்டிருக்க" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஆளுக்கு அன்றாடம் என்னதான் வேலை? சம்பளம், லீவு எல்லாம் உண்டா? ராஜாவை எதிர்த்துப் பேச முடிந்ததா, பேசினால் என்ன ஆகும்? நெட்டில் தேடினால் கன்பூசியஸ் பொன்மொழிகள் வண்டி வண்டியாக வருகின்றன. பொன்மொழி வேண்டாம், மேடையில் காட்டுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வாத்தியார் (கடலூர்):

நாற்காலியை முதலில் தூக்கி வெளியே போடுங்கள் தம்பி. ஹான் காலத்தில் பாயில் மண்டியிட்டுத்தான் உட்காருவார்கள், பேரரசர் உட்பட. காகிதமும் வேண்டாம். சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி காகிதம் செய்யும் முறையைப் பேரரசரிடம் சமர்ப்பித்தது கி.பி. 105-ல். அதற்கு முன்னால் எழுத்து வேலையெல்லாம் பெரும்பாலும் மூங்கில் பட்டையிலும் மரத்தைச் சீவிய மெல்லிய பட்டையிலும்தான். விரல் அகலம்கூட இல்லாத நீளப் பட்டை, தூரிகையால் மேலிருந்து கீழே எழுதுவார்கள். தப்பு வந்தால் சின்னக் கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே மறுபடி எழுத வேண்டியதுதான். எழுதின பட்டைகளைக் கயிற்றால் கோத்துச் சுருட்டி வைப்பார்கள். உங்கள் ஆள் கையில் தூரிகையும் அந்தக் கத்தியும் இருக்கட்டும். பேரரசருக்குப் போகிற விண்ணப்பத்தில் ஒரு எழுத்தைச் சுரண்டும்போது கை நடுங்குவதைக் காட்டினாலே பாதிக் கதை சொன்ன மாதிரி.

அப்புறம் நடை. நம் நாடகத்தில் மந்திரி என்றால் கம்பீரமாக மெதுவாக வருவார். அங்கே நேர் எதிர். வாசலில் வாளையும் காலணியையும் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்த தலையோடு சின்னச் சின்ன எட்டாக விரைந்து வர வேண்டும், நிதானமாக நடந்து வந்தால் அதுவே மரியாதைக் குறைவு. வாளோடும் காலணியோடும் மண்டபம் ஏறலாம், விரைய வேண்டாம் என்று முதல் தலைமை அமைச்சர் சியாவ் ஹேவுக்குத் தனிச் சலுகையே கொடுத்தார்கள்.

இந்த மரியாதையெல்லாம் சபைக்கு எப்படி வந்தது என்பதே தனி நாடகம். ஹான் வம்சத்தை நிறுவிய லியு பாங் கிராமத்து ஆள். கன்பூசியர்களைக் கண்டாலே ஆகாது. தொப்பியோடு எவராவது அறிஞர் வந்தால் அந்தத் தொப்பியைப் பிடுங்கி அதிலேயே சிறுநீர் கழிப்பாராம், ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சிமா சியென் தம் வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 202-ல் பேரரசர் ஆனதும் கூடவே சண்டை போட்ட பழைய கூட்டாளிகள் சபையில் குடித்துவிட்டு, யார் பெரிய வீரன் என்று கத்திக்கொண்டு, வாளை உருவித் தூணை வெட்டுகிறார்கள். பேரரசருக்கே பொறுக்கவில்லை. சமயம் பார்த்து ஷூசுன் தோங் என்ற அறிஞர் வந்தார். நாட்டைப் பிடிக்க எங்களால் உதவ முடியாது, பிடித்ததைக் காப்பாற்ற உதவுவோம், சபைக்கு ஒரு முறைமை வகுத்துத் தருகிறேன் என்றார். கஷ்டமாக இருக்குமா, எனக்கு வருகிற மாதிரி செய் என்றார் லியு பாங்.

உடனே ஷூசுன் தோங் கன்பூசியஸ் பிறந்த லூ பகுதிக்குப் போய் அங்கிருந்து 30 பேருக்குக் குறையாமல் அறிஞர்களைத் திரட்டினார். தன் மாணவர்கள் நூற்றுச் சொச்சம் பேரையும் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கயிறு கட்டி, புல் கட்டுகளை நட்டு இடம் குறித்து, ஒரு மாதத்துக்கு மேல் ஒத்திகை! பேரரசர் வந்து பார்த்து, சரி, இது எனக்கு வரும் என்று சொன்ன பிறகுதான் மற்ற அதிகாரிகளைப் பழக விட்டார்கள். கி.மு. 200, புத்தாண்டுச் சபை. தளபதிகள் மேற்கே, எழுத்து அதிகாரிகள் கிழக்கே, வரிசையாக வந்து வணக்கம். முறை தப்பினவரைக் கண்காணிப்பு அதிகாரி அப்படியே வெளியே அழைத்துப் போய்விடுவார். மதுவிருந்து முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேரரசனாக இருப்பதன் அருமை இன்றுதான் தெரிந்தது என்றார் லியு பாங். ஷூசுன் தோங்குக்குச் சடங்குத் துறையின் தலைமைப் பதவியும் 500 ஜின் (ஜின் என்பது எடை அளவு) பொன்னும் கிடைத்தன. பொன்னை மாணவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார். அதுவரை ஆசான் நமக்கு ஒரு பதவி வாங்கித் தரவில்லையே என்று முணுமுணுத்தவர்கள் அன்றைக்கே அவரை ஞானி ஆக்கிவிட்டார்கள்.

ஆக, கன்பூசிய அறிஞர் ஹான் சபையில் இடம் பிடித்ததே நாடக இயக்குநர் வேலை பார்த்துத்தான்.

கோப்புக்காரன் (புதுச்சேரி):

சம்பளத்தை வாத்தியார் தொடவே இல்லை, அரசு வேலைக்காரன் நான் சொல்கிறேன். ஹானில் பதவித் தரத்தின் பெயரே தானிய அளவு. ஷி என்பது அளவை. ஐந்து பழைய நூல்களில் ஒன்றைக் கற்பிக்கவும் பேரரசர் கேட்கும்போது கருத்துச் சொல்லவும் நியமிக்கப்பட்ட அரசவை அறிஞர் 600 ஷி தரம். ஒரு பிரதேச ஆளுநர் 2,000 ஷி. தலைமை அமைச்சர் 10,000 ஷி. நம்ம பே லெவல் மாதிரிதான், எண்ணைச் சொன்னால் ஆள் எந்த வரிசையில் நிற்பார் என்று தெரிந்துவிடும். இடுப்பில் முத்திரையும் அதற்கு ஒரு நாடாவும் இருக்கும், நாடாவின் நிறமும் தரத்தைச் சொல்லும்.

லீவு ஐந்து நாளுக்கு ஒன்று. ஓய்வும் தலைகழுவலும் என்றே அதற்குப் பெயர். குடுமியை அவிழ்த்துக் கழுவி உலர வைப்பதற்கே ஒரு நாள் சரியாகப் போகும் போலிருக்கிறது. மற்ற நாளெல்லாம் அலுவலகத்திலேயே தங்கல். எங்கள் செக்‌ஷனில் இதைச் சொன்னேன், ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி "ஐந்தாம் நாள் பண்டிகையில் விழுந்தால் அடுத்த நாள் கொடுப்பாங்களா?"

ஆனால் சம்பளத்தைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். பேரரசர் வூ (ஆட்சி கி.மு. 141 முதல் 87 வரை) காலத்துச் சபையில் பயம்தான் முழுநேர வேலை. ஷி சிங் என்று ஒருவர், அறிஞர் இல்லை, அதிகாரி, பேரரசரின் வண்டியை ஓட்டிப் போகிறார். வண்டியில் எத்தனை குதிரை என்று பேரரசர் கேட்கிறார். கண்ணெதிரே நிற்கின்றன. அப்படியும் சாட்டையால் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணி முடித்து, கையைத் தூக்கி "ஆறு குதிரைகள்" என்றார். அவர் சகோதரர்களிலேயே இவர்தான் ரொம்ப அலட்டிக்கொள்ளாதவராம்! பின்னாளில் இவரே தலைமை அமைச்சர் ஆனார், வூவின் அந்த ஐம்பது சொச்சம் வருஷ ஆட்சியின் பிற்பகுதியில் வரிசையாக வந்த ஆறு தலைமை அமைச்சர்களில் பதவியில் இருந்தபடி இயற்கையாகச் செத்தவர் இவர் ஒருவர்தான். மற்ற ஐந்து பேருக்கும் ஒன்று தண்டனை, இல்லையென்றால் தற்கொலை. இவருக்கு அடுத்து நியமிக்கப்பட்ட கோங்சுன் ஹே முத்திரையை வாங்க மாட்டேன் என்று தரையில் விழுந்து அழுதார். பதவி உயர்வு ஆணையைப் பார்த்து அழுத ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் அவரும் சிறையில்தான் செத்தார்.

கெடிலக்கரை (கடலூர்):

எல்லாம் சரி, ஆனால் மொத்தத்தில் ஜால்ராதானே? பேரரசர் கேட்பதைப் பழைய நூலில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது, அதற்கு 600 ஷி. வாத்தியார் புகழ்ந்த ஷூசுன் தோங் கதையிலேயே ஒரு துண்டை விட்டுவிட்டார். லூவில் கூப்பிட்டபோது இரண்டு பேர் வர மறுத்தார்கள். "நீ பத்து எஜமானர்களிடம் வேலை பார்த்திருக்கிறாய், எல்லோரையும் முகஸ்துதி பாடியே பிழைத்தாய், செத்தவனை இன்னும் புதைக்கவில்லை, அடிபட்டவன் எழுந்திருக்கவில்லை, அதற்குள் உனக்குச் சடங்கும் சங்கீதமுமா" என்கிற அர்த்தத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காலம் தெரியாத பட்டிக்காட்டுப் பண்டிதர்கள் என்று சிரித்துவிட்டுப் போனார் இவர். எனக்கு அந்த இரண்டு பேர்தான் கன்பூசியர்கள்.

அப்புறம் கோங்சுன் ஹோங். (மேலே அழுதவர் வேறு ஆள், இவர் அதற்கு முன்னால்.) இளமையில் பன்றி மேய்த்தவர், நாற்பது தாண்டித்தான் படிக்க ஆரம்பித்தார், கி.மு. 124-ல் தலைமை அமைச்சரானபோது வயது எழுபதுக்கு மேல். அதுவரைக்கும் எனக்கும் மரியாதைதான். ஆனால் சபையில் எப்போதும் இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு, பேரரசர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் போய்விடுவார். மற்ற அமைச்சர்களோடு சேர்ந்து ஒரு முடிவு பேசி வைத்துவிட்டு, உள்ளே போனதும் அதை அப்படியே மாற்றிவிடுவார். ஜி ஆன் என்ற அதிகாரி பொறுக்க முடியாமல் பேரரசர் முன்னாலேயே கேட்டார், இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் பட்டு இல்லாமல் சாதாரணத் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குவது ஊருக்குக் காட்டும் வேஷம் இல்லையா என்று. ஹோங் என்ன சொன்னார் தெரியுமா? ஆமாம், அவர் சொல்வது சரிதான், என் குறையைச் சரியாகத் தொட்டுவிட்டார், இவ்வளவு விசுவாசமான ஜி ஆன் இல்லையென்றால் தங்கள் காதுக்கு இது வந்திருக்குமா என்றார். பேரரசருக்கு அவர் மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. இதைவிடக் கைதேர்ந்த அரசியல்வாதியை இன்றைக்கும் காட்ட முடியாது.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

கெடிலக்கரை நண்பருக்கு: அந்த வேஷக்காரர் யோசனைப்படிதான் அதே கி.மு. 124-ல் தலைநகர் சாங்கானில் 50 மாணவர்களோடு அரசுக் கல்விச்சாலை நிறுவப்பட்டது. பரீட்சை எழுதித் தேறினால் அரசு வேலை. பின்னால் அது ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. தன் சம்பளத்தை நண்பர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் செலவழித்துவிட்டு வீட்டில் மிச்சம் வைக்காமலும் இருந்தார். வேஷமோ நிஜமோ, வந்தவர்கள் சாப்பிட்டது நிஜம்தானே.

ஜால்ரா போடாதவர்களையும் பாருங்கள். பேரரசர் வூவின் பாட்டி தோவ், கன்பூசியத்துக்குப் போட்டியான தாவோ நெறியின் லாவோட்சு நூலுக்குப் பரம பக்தை. யுவான் கு என்ற கன்பூசிய அறிஞரைக் கூப்பிட்டு அந்த நூலைப் பற்றிக் கேட்டார். வேலைக்காரர்கள் பேசுகிற பேச்சு என்று சொல்லிவிட்டார் மனுஷன். அம்மையாருக்கு வந்த கோபத்தில், இவரைப் பன்றிப் பட்டியில் இறக்கிக் காட்டுப்பன்றியோடு சண்டை போட வையுங்கள் என்று உத்தரவு. அப்போது பேரரசராக இருந்த அவர் மகன் ஜிங் அம்மாவை எதிர்க்கவும் முடியாமல் அறிஞரைச் சாக விடவும் மனமில்லாமல் ஒரு கூரிய ஆயுதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். யுவான் கு ஒரே குத்து, நேராக இதயத்தில், பன்றி சாய்ந்தது. அம்மையார் மறுபேச்சுப் பேசவில்லை. வாழ்நாளெல்லாம் பாட்டு நூலுக்கு உரை சொன்ன கை அது!

இன்னொருவர் ஸியாஹோ ஷெங். கி.மு. 72-ல் பேரரசர் சுவான் தன் கொள்ளுத்தாத்தா வூவுக்குத் தனி ஆலய இசையும் பட்டமும் தர வேண்டும் என்று ஆணையிட்டார். அமைச்சர்கள் எல்லோரும் ஆமாம் போட, இவர் மட்டும், அவர் எல்லையை விரித்தார் உண்மைதான், அதற்கு எத்தனை உயிர் போனது, கஜானா காலியானது, ஜனங்களுக்கு அவர் செய்த நன்மை எதுவும் இல்லை, இசை கூடாது என்றார். இது அரச ஆணை என்றார்கள். ஆணையானாலும் ஏற்க முடியாது என்றார். மரண தண்டனைக் கைதியாகச் சிறைக்குப் போனார், இவரைக் காட்டிக் கொடுக்காத குற்றத்துக்காக ஹுவாங் பா என்ற அதிகாரியும் கூடவே. சிறையில் ஹுவாங் பா, எனக்குப் பழைய ஆவண நூலைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கிறார். சாகப் போகிறோம், இப்போது எதற்குப் படிப்பு என்கிறார் ஷெங். காலையில் உண்மையைக் கேட்டால் மாலையில் சாகலாம் என்று குருவே சொல்லியிருக்கிறாரே என்கிறார் இவர். (பொன்மொழி வேண்டாம் என்றீர்கள், இது ஒன்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இடம் அப்படி.) இரண்டு குளிர்காலம் சிறைக்குள்ளேயே பாடம் நடந்தது. கி.மு. 70-ல் பெரிய பூகம்பம், பொது மன்னிப்பு, இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஷெங் மறுபடி அதே சபையில் ஆலோசகர். ஹுவாங் பா பிற்காலத்தில் தலைமை அமைச்சர்.

பூகம்பத்துக்கும் மன்னிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அங்கேதான் இவர்களுடைய உண்மையான ஆயுதம் இருந்தது. படை கிடையாது, பணம் கிடையாது. ஆனால் பூகம்பம், தீ, கிரகணம் வந்தால் வானம் பேரரசரை எச்சரிக்கிறது என்று பழைய நூலை வைத்து விளக்கம் சொல்ல இவர்களால்தான் முடியும். அந்த வாதத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் தோங் ஜோங்ஷு. திரைக்குப் பின்னால் இருந்து பாடம் நடத்துவார், மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தருவார்கள், சில மாணவர்கள் அவர் முகத்தையே பார்த்ததில்லை. அந்த ஆயுதம் அவரையே வெட்டியது. கி.மு. 135-ல் லியு பாங்கின் ஆலயம் தீப்பற்றியதற்கு அவர் ஒரு விளக்கம் எழுதி, சமர்ப்பிக்காமல் வீட்டில் வைத்திருந்தார். பொறாமை பிடித்த ஒருவர் அதைத் திருடிப் பேரரசரிடம் கொடுத்துவிட்டார். பேரரசர் மற்ற அறிஞர்களைக் கூட்டிக் காட்டினார். அந்தக் கூட்டத்தில் தோங்கின் சொந்த மாணவனே இருந்தான், எழுதியது குரு என்று தெரியாமல், படு முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டான். குருவுக்கு மரண தண்டனை. பேரரசர் மன்னித்தார். அதன் பிறகு தோங் வான அறிகுறி பற்றி வாயே திறக்கவில்லை.

உப்பளத்தான், மேடைக்கு என்னைக் கேட்டால் இந்தக் காட்சிதான். மாணவன் அந்தப் பட்டைச் சுருளைப் பிரித்துப் படிக்கிற அரை நிமிஷம்.

மரக்காணத்து உப்புக்காரன்:

நான் உப்பளக் குடும்பம், அதனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. பேரரசர் வூ காலத்தில் போர்ச் செலவுக்காக உப்பையும் இரும்பையும் அரசே எடுத்துக்கொண்டது. அவர் செத்த பிறகு கி.மு. 81-ல் நாடெங்கும் இருந்து அறுபதுக்கும் மேற்பட்ட அறிஞர்களைத் தலைநகருக்கு அழைத்து, ஜனங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தத் திட்டத்தை நடத்திய சாங் ஹோங்யாங், வியாபாரி மகன், கணக்கில் புலி. அறிஞர்கள் கேட்டது எல்லாம் நம்ம பேச்சு மாதிரியே இருக்கும்: அரசு செய்கிற இரும்புக் கருவி கணக்குக் காட்டத்தான் லாயக்கு, புல்லைக்கூட வெட்டாது, விலையும் அதிகம், வாங்கப் போனால் அதிகாரி இருக்க மாட்டார், சில இடத்தில் ஜனங்கள் மரத்தாலேயே உழுகிறார்கள், உப்பு இல்லாமலே சாப்பிடுகிறார்கள். சாங் பதிலுக்கு, எல்லையில் நிற்கிற படைவீரனுக்கு நீங்களா சோறு போடுவீர்கள் என்று கேட்டார். அதோடு விடவில்லை, கிழிந்த அங்கியும் ஓட்டைச் செருப்புமாக வந்திருக்கிறீர்கள், சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவனுக்கு நாட்டு நிதி எதற்கு என்றும் நக்கல். முடிவில் மது மீதான அரசு உரிமையும் தலைநகர்ப் பகுதி இரும்பு அலுவலகங்களும் மட்டும் நீக்கப்பட்டன. உப்பு போகவில்லை. என் கட்சி அறிஞர்கள் பக்கம்தான், ஆனால் படைவீரன் சோற்றுக் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் (பேரரசர் நல்லொழுக்கத்தோடு இருந்தால் எதிரி தானே பணிவான்) எனக்கு ஒட்டவே இல்லை.

உப்பளத்தான்:

அப்பா, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நாற்காலி போயிற்று, தாடி இருக்கட்டும். ஷூசுன் தோங் ஒத்திகையை முதல் காட்சியாக வைக்கப் போகிறேன், தூண் வெட்டுகிற தளபதிகளுக்கு எங்கள் பசங்களே போதும், நடிக்கக்கூட வேண்டாம். மறுத்துவிட்ட இரண்டு பேரையும் சேர்க்கிறேன், கெடிலக்கரை அண்ணனுக்காக. ஒரே ஒரு சந்தேகம். நம்ம ஆனந்தரங்கப் பிள்ளை டூப்ளேயிடம் வேலை பார்த்துக்கொண்டே நாட்குறிப்பு எழுதினார், அதனால் அவர் எப்போது எரிச்சல்பட்டார், எப்போது பயந்தார் என்று நமக்குத் தெரிகிறது. இவர்கள் மனசுக்குள் என்ன நினைத்தார்கள் என்று தெரிய வழி உண்டா?

கோப்புக்காரன்:

சிமா சியென் தன் நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வடக்கு எல்லை நாடோடிகளான சியோங்னுக்களிடம் சரணடைந்த தளபதி லி லிங்குக்காகச் சபையில் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசினார், அதற்காக ஆண்மை நீக்கும் தண்டனை. பணம் கட்டி மீளலாம், வீட்டில் பணம் இல்லை, கூட வேலை பார்த்தவர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தற்கொலை செய்துகொள்வதுதான் அன்றைய கௌரவம். அப்பா ஆரம்பித்த வரலாறு பாதியில் நிற்கிறதே என்று உயிரோடு இருந்தேன் என்கிறார். அந்த அவமானத்தை நினைக்கும்போதெல்லாம் முதுகு வேர்த்து உடை நனைகிறது என்றும் எழுதுகிறார். அதே சபைக்குத்தான் மறுபடி வேலைக்குப் போனார்.

அரிக்கமேட்டான்:

தாமதமாக வந்தேன், ஒரு துணுக்கு மட்டும். ஹான் வரலாற்று நூலில் தெற்குக் கடல் தாண்டி ஹுவாங்ஜி என்று ஒரு நாடு வருகிறது, முத்தும் வண்ணக் கண்ணாடியும் வாங்கப் பொன்னும் பட்டும் எடுத்துக்கொண்டு கப்பலில் போனார்கள் என்று. அது காஞ்சிபுரம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நம்ம அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்த காலமும் கிட்டத்தட்ட அதுதான். கி.பி. 2-ல் அந்த ஹுவாங்ஜியிலிருந்து ஒரு காண்டாமிருகம் காணிக்கையாகச் சாங்கானுக்குப் போயிருக்கிறது. அப்போது சபையை ஆட்டி வைத்தவர் வாங் மாங், அவரும் கன்பூசியப் படிப்பாளி, சில வருஷத்தில் அரியணையையே எடுத்துக்கொண்டார். ஆனால் தம்பி, உங்கள் முதல் காட்சி கி.மு. 200, காண்டாமிருகம் 200 வருஷம் கழித்துத்தான் வரும். பசங்க கேட்டாலும் மேடையில் ஏற்றிவிடாதீர்கள்.